அம்மாக்கண்ணு சூடு பார்த்த விதம்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அறையில் இருந்தவள் அம்மாக்கண்ணு. கொழுந்து எடுப்பவள். பனிக்காற்றில் யாருக்காவது காது குறுகுறுத்தால் அவளிடம்தான் போவார்கள். நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, இரண்டு சொட்டு ஊற்றுவாள். சீழ் வடிந்தால் தொடமாட்டாள். "இது நம்ம எண்ணெய்க்கு அடங்காது, டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போ" என்பாள்.

1957 ஐப்பசியில் ஒரு காலை, நானும் மூக்கனும் மலையில் நிழல் மரங்களின் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தோம். கீழே தேயிலைச் செடி நிரைகளில் கொழுந்து எடுக்கும் பெண்கள்.

"வெலகுங்க, வெலகுங்க!" என்று மூக்கன் கத்தினான். எல்லாரும் சிதறினார்கள். அம்மாக்கண்ணு மட்டும் கிள்ளிக்கொண்டே நின்றாள். விழுந்த கிளை அவள் முதுகுக் கூடையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு சாண் தள்ளியிருந்தால் தலை.

மூக்கன் மரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தான். "ஒனக்கென்ன செவிடாக்கா? ஊரு காதுக்கெல்லாம் வைத்தியம் பாக்குற!"

"எடது காது கேக்காதுப்பா." சிந்திய கொழுந்தை அவள் பொறுக்கினாள். "நாலு வருசமாச்சு. இப்ப வலதும் மந்தமாத்தான் இருக்கு."

"எப்பிடிக்கா?" என்றாள் அடுத்த நிரை நாகலெட்சுமி.

"எண்ணெச் சூடுதான்." அம்மாக்கண்ணு விரல்களை நீட்டினாள். தேயிலைக் கறையேறி, காய்ப்புக் காய்த்து, மரப்பட்டையாக இருந்தன. "இந்த வெரலுக்குச் சூடு எங்க தெரியுது? மொதல்ல ஏங் காதுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துக்குவேன். புள்ளைங்க காது வெந்துறக் கூடாதுல்ல."

நாலைந்து முறை அவளிடம் எண்ணெய் விட்டுக்கொண்டவன் நான். சுவரைப் பார்த்துப் படுக்கச் சொல்வாள். முதுகுக்குப் பின்னால் நடந்ததை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. ஒருநாளும் எனக்குச் சுட்டதில்லை.

நாகலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி அக்கா! புள்ளைக்குப் பால் சூடு பாக்குற மாதிரி மணிக்கட்டு உள்பக்கம் விட்டுப் பாக்கக் கூடாதா? அங்க தோல் காய்க்கலையே!"

அம்மாக்கண்ணு கையைத் திருப்பினாள். நரம்பு தெரியும் மெல்லிய தோல். அந்த இடத்தை விரலால் தடவினாள்.

"நான் யாருக்குடி பால் ஆத்துனேன், இதெல்லாம் தெரிய?"

அவள் திரும்பி, மிச்சக் கொழுந்தைப் பொறுக்கக் குனிந்தாள்; நாகலெட்சுமி இப்போது அவளுக்கு இடப்பக்கம். "இனிமே எண்ணெய நான் பாத்துத் தாறேன். நீ காதுல ஊத்திப் பாத்தே, ஒன் காம்பராப் படியே மிதிக்க மாட்டேன்."

அம்மாக்கண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. நாகலெட்சுமி செடிகளைச் சுற்றிக்கொண்டு அவள் வலப்பக்கம் வந்து, இன்னொரு தடவை, உரக்கச் சொன்னாள்.