ஒரே அடியில் முடிந்த சண்டை

ஜப்பான் மேல் அணுகுண்டு போட்டது நியாயம்தான் என்று மேடையேறிப் பேசி ஒரு வெள்ளி டம்ளர் வாங்கியவன் நான். ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. ஆண்டு விழா. "இரண்டு ஊர் எரிந்தது, போர் நின்றது, சாகவேண்டிய மற்றவர்கள் பிழைத்தார்கள்" என்று முழங்கினேன். எதிர்த்துப் பேசிய கணக்கு வாத்தியார், "எரிந்த ஊரில் இருந்தவர்களிடம் கேட்டீர்களா?" என்றார். அவருக்கு நாலு கைதான் தட்டியது. முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டிலும் மூன்று வருடமாக ஒரு போர். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத்தான் மாடு பூட்டி இறைக்கவேண்டும். முறை தவறியதில் தொடங்கிய சண்டையில் என் தம்பியின் கை முறிந்தது. அதோடு நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

விழா முடிந்த மறுவாரம் அப்பா என்னிடம் வந்தார்.

"நீ பேசுனது சரிதான்டா. அடி உதவுறாப்புல அண்ணன் தம்பி உதவ மாட்டான். அவன் வைக்கோல் படப்பக் கொளுத்திட்டா மாட்டுக்குத் தீனி இல்ல. மாட்ட வித்துப்புட்டு எத வச்சு இறைப்பான்? ஒரே அடியில முடிஞ்சிரும்."

"வைக்கோல்தானே, செய்ங்க" என்றேன். படித்த மகன் சொன்னால் அப்பாவுக்கு அது சட்டம்.

மறுநாள் உச்சி வெயிலில் தீ வைத்தார். படப்புக்குப் பின்னால் ஓர் ஓலைக் குடிசை இருந்தது. சித்தப்பா மகள் சமைந்து மூன்றாம் நாள், தாய்மாமன் கட்டிக்கொடுத்த அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தாள். பெண் சமைந்தால் பங்காளி வீட்டுக்கு உடனே சொல்லியனுப்புவது எங்கள் வழக்கம். பகையால் அனுப்பவில்லை. ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். தீயை அணைக்க ஆம்பளைகள் ஓடிவரவும், அந்தப் பைத்தியக்காரப் பெண் வெளியே வராமல் உள்ளேயே சுருண்டுகொண்டாள்.

பிழைத்தாள். ஆனால் இடது கன்னம் கழுத்தோடு ஒட்டிப்போனது. சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்று, "கிணத்த நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று கும்பிட்டார். "சண்டை நின்னுச்சா இல்லையா?" என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நின்றதுதான். அதை யாரும் மறுக்கமுடியாது.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பல வருடம் கழித்து ஒருநாள் அவளைப் பார்க்கப் போனேன். முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு கேட்டாள்:

"குடிசை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டீங்கள்ல அண்ணே?"

"மாட்டோம்மா" என்றேன்.

அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தீ வைப்பதற்கு இரண்டு நாள் முன்னால், பள்ளி விட்டு சைக்கிளில் வரும்போது, அவளுடைய தாய்மாமன் வண்டி நிறையப் பச்சை ஓலை ஏற்றிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன். அது எதற்கென்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "செய்ங்க" என்று சொன்னபோது அந்த வண்டி என் ஞாபகத்தில் இருந்தது. குடிசையை எந்தப் பக்கம் கட்டினார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சண்டை நாலாவது வருடமும் நடந்திருக்கும்.

என் பதிலை அவள் நம்பினாள். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.