ரெஜினா டீச்சரின் அடுத்த முடக்கு

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெஜினா டீச்சர் இறந்த செய்தி வந்த காலையில் நான் போர்வைக்குள் கிடந்து, மழை விட்டுவிடக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் ஓடப் போகத் தேவையில்லை. அவர் மழையிலும் வரச் சொல்வார் என்பது வேறு விஷயம். போன் அடித்தது. திரையில் அவர் பெயர். பேசாமல் விட்டேன். மறுபடியும் அடித்தது. அப்போதும் விட்டேன். அடுத்த தடவை எடுத்து, அவர் வாயைத் திறக்கும் முன்பே, சாகப் போகிறவளின் குரலில், "டீச்சர், கால் சுளுக்கிக்கிச்சு. அடி எடுத்து வைக்க முடியல. இன்னிக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றேன்.

மறுமுனையில் அவருடைய கணவர் அந்தோனி அண்ணனின் குரல் கேட்டது.

"டீச்சர், ரெஜி செத்துப் போயிட்டா."

ரெஜினா டீச்சர் காலில் போட்டு ஓடும் சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்திருக்கிறார். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறார். அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். இதையெல்லாம் அழுகைக்கு நடுவே சொல்லி முடித்த அந்த மனுஷன் கடைசியாகச் சொன்னது: "நீங்க அவசரப்பட்டு வராதீங்க. கால்ல எண்ணெய் போட்டு உருவி விட்டுட்டு மெதுவா வாங்க."

அதனால் மரண வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போனேன். வேறு என்ன செய்வது? அந்தோனி அண்ணன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் உட்கார ஒரு நாற்காலி, காலை நீட்டி வைக்க இன்னொரு நாற்காலி. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து, சுளுக்கியது எந்தக் கால் என்பதை மறந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு அழுதேன். அழுதது மட்டும் பொய்யில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. எங்கள் பாடசாலையில் அவர் கணிதம், நான் தமிழ். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் ஒட்டிக்கிடந்தன. நான் வாயாடி, அவர் சிக்கனம். நான் பத்து வாக்கியத்தில் சொல்வதை அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தே சொல்லி முடித்துவிடுவார். எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன வாரம், மத்தியான இடைவேளையில் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தபடியே அவர் சொன்னார்: "டீச்சர், மரதன் ஓட்டம் ஓடணும்."

"யாரு?"

"நான். நீங்களும்தான்."

"எனக்குப் பஸ்ஸுக்கு ஓடினாலே அடுத்த பஸ்ஸிலதான் போக முடியுது."

"உங்களுக்குச் சீனி. எனக்குத் துணை இல்ல. ரெண்டு வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான்."

இப்படித்தான் நாற்பத்தேழு வயதில், கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டுமே வேகமாக இயங்கிப் பழகிய இந்த உடம்பு ஓட்டத்தில் இறங்கியது. என் வீட்டுக்காரர் முதல் நாள் நான் மகனுடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டதைப் பார்த்துவிட்டு, "யாரு துரத்துறா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் சமநிலம் என்று ஒன்று கிடையாது. ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். எனவே பாடசாலைக்கு மேலே தேயிலை மலையை வளைத்துப் போகிற தோட்டத்துப் பாதையைத் தேர்ந்தோம். அங்கே முதல் கிழமையிலேயே ஒரு பெரிய கலவரத்தை உண்டாக்கிவிட்டோம். இரண்டு டீச்சர்மார் வாயைத் திறந்துகொண்டு, கைகளை வீசிக்கொண்டு, தலைதெறிக்க இறங்கி வருகிறார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் பார்த்தார்கள். தேயிலை மலையில் பெரிய மனுஷி ஒருத்தி ஓடினால் அதற்கு ஒரே காரணம்தான்: குளவி. ஒருத்தி "கொளவி!" என்று கத்தினாள். அவ்வளவுதான். கூடைகள் உருண்டன. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு அத்தனை பேரும் சரிவில் பாய்ந்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, நிஜமாகவே குளவிதான் வருகிறது என்று நானும் ஒரு தேயிலைச் செடிக்குள் தலையை நுழைத்துவிட்டேன். உடம்பின் மிச்சம் வெளியே இருந்தது.

கங்காணிக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "ஓடுறதா இருந்தா சொல்லிட்டு ஓடுங்க டீச்சரம்மா! சிந்துன கொழுந்த யாரு பொறுக்குறது?" என்றார். நாங்கள்தான் பொறுக்கினோம். பாக்கியம் அக்கா என்று ஒருவர், அந்த மலையின் வாய் அவர்தான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று கேட்டார்:

"எதுக்கு ஓடுறீங்க?"

"சும்மாதான் அக்கா."

"சும்மாவா? அடியே, சும்மா ஓடுறாங்களாம்டி! நாங்க தெனம் இந்த மலைய ஏறி எறங்குறோமே, எங்களுக்கு எவன் மெடல் தர்றான்?"

ரெஜினா டீச்சர் தலையைச் சாய்த்து, "கேக்க வேண்டிய கேள்விதான் அக்கா. எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்" என்றார். பாக்கியம் அக்கா குனிந்து எங்களோடு கொழுந்து பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு மலையை நெருங்கும்போதும் ஒரு அறிவிப்புச் செய்துகொண்டே ஓடினோம்: "கொளவி இல்ல! சும்மாதான் ஓடுறோம்!" மேலேயிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வரும்: "கொளவி இல்ல டீச்சர், மெதுவாவே ஓடுங்க! தொப்ப எங்கயும் போயிராது!" அது என்னைக் குறித்துச் சொன்னது.

ஓட்டம் உடம்புக்கு நல்லது என்று சொல்பவர்கள் ஓடாதவர்கள். என் கால் பெருவிரல் நகம் முதலில் நீலமானது, பிறகு கறுத்தது, ஒருநாள் காலுறையோடு கழன்று வந்துவிட்டது. தொடைகள் உரசிப் புண்ணாகி, தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு வகுப்பில் கால்களை அகட்டி நின்று புறநானூறு படிப்பித்தேன். வீரம் கொப்புளிக்க நிற்பதாகப் பிள்ளைகள் நினைத்தார்கள். படிக்கட்டில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. மழை நாட்களில் சப்பாத்தைக் கழற்றினால் அட்டைகள் என்னைவிடக் கொழுத்து உள்ளே படுத்திருக்கும். இதைவிட மோசம் மனசு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் அழுகை வரும். பனிமூட்டத்துக்குள் நடுரோட்டில் நின்று, "எனக்கு ஏன் இந்த வேலை? நான் வீட்டுக்குப் போறேன்" என்று மூக்கைச் சிந்தியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் அவர் தேற்றவும் மாட்டார், திட்டவும் மாட்டார். "அடுத்த முடக்கு வரைக்கும் மட்டும் வாங்க" என்பார். மலைப் பாதையில் அடுத்த வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது அல்லவா? அந்த முடக்கு வரைக்கும் போவோம். போனதும், "அந்தா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பார். கணக்கு டீச்சர் என்னை ஒன்று ஒன்றாக ஏமாற்றியே பல மைல்கள் ஓட்டிச் சென்றார்.

அவர் சத்தம் போட்டு ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். மூன்றாம் மலைக்குக் கீழே ஒரு முடக்கில் சின்ன மதகு இருக்கிறது. அந்த இடம் வந்தால் மட்டும் அவருடைய வேகம் கூடும். ஒருநாள் எனக்கு மூச்சு முட்டி, அந்த மதகுக் கட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

"அங்க உக்காராதீங்க! எந்திரிங்க! எந்திரிங்கன்னு சொல்றேன்ல!"

மலையே திரும்பிப் பார்த்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், கழற்றிய சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். ஒரு கிழமை, ஒட்டிய மேசைகளில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தோம். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அதிபர் பயந்து எனக்கு லீவு வேண்டுமா என்று கேட்டார்.

பிறகு ஒருநாள் பாடசாலை விட்டதும் ரெஜினா டீச்சர், "கொஞ்சம் வாங்க" என்று அந்த மதகுக்கே என்னை நடத்திக் கூட்டிப் போனார். இருவரும் நின்றுகொண்டே பேசினோம். சின்ன வயதில், ஒரு மத்தியானம், அவருடைய அப்பா மலையிலிருந்து வந்து லயத்து வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தில் இருந்த ஒரே லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போயிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஐயாவைக் கூட்டிவர அம்மா இவரை அனுப்பினார்.

"ஓடுனேன் டீச்சர். இந்த எடத்துல மூச்சு நின்னுப்போச்சு. உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. கீழ தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. நல்லா இருந்திச்சு டீச்சர். அதுதான்... உக்காந்திருந்தது நல்லா இருந்திச்சு."

ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தபோது அப்பா போய்விட்டிருந்தார். முன்பே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஐயாவே சொன்னாராம். எல்லாரும் அதையேதான் சொன்னார்களாம்.

"ஒரே ஒரு தடவ, நடுவுல நிக்காம ஓடிப் பாக்கணும் டீச்சர்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் எனக்கு அன்று அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது. "அதுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினா போதாதா டீச்சர்? மரதன் எதுக்கு?"

"அதைத்தான் மொதல்ல ஓடிப் பாத்தேன்," என்றார். "பத்தல."

அன்று மாலையே கட்டிலுக்கு அடியிலிருந்து சப்பாத்தைத் தேடி எடுத்தேன்.

கொழும்பில் நடந்த மரதனுக்கு அந்தோனி அண்ணன் எங்களை ரயிலில் கூட்டிப் போனார். பனியில் பழகிய நாங்கள் அந்த வெக்கையில் அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டோம். கால்களுக்கு ஏறவும் இறங்கவும்தான் தெரியும். சமதரையில் எதைச் செய்வது என்று புரியாமல் முழங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. கடலோரப் பாதைக்கு வந்தபோது ரெஜினா டீச்சரின் முகம் மாறிவிட்டது. பாதை நேராகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும், ஓட வேண்டியது முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது.

"முடக்கே இல்லையே டீச்சர்," என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"யாரு இல்லன்னா? அந்தா தெரியுதே பஸ் ஹோல்ட், அது ஒரு முடக்கு. அதுக்கு அங்கிட்டு மஞ்சள் பில்டிங், அது ஒரு முடக்கு. வாங்க."

அப்படிக் கடைகளையும் கம்பங்களையும் முடக்குகளாக வளைத்து வளைத்து ஓடினோம். தண்ணீர் கொடுத்த சிங்களப் பிள்ளைகள், "நெந்தே, தவ டிகய்!", இன்னும் கொஞ்சம்தான் அத்தை, என்று உற்சாகப்படுத்தினார்கள். "காலையிலேருந்து எல்லாரும் இந்தப் பொய்யத்தான் சொல்றாங்க" என்று நான் மூச்சு வாங்க, "நானும் அதைத்தானே சொன்னேன்" என்றார் ரெஜினா டீச்சர். நாங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டியபோது அலங்கார வளைவைக் கழற்ற ஏணி வைத்துவிட்டார்கள். அந்தோனி அண்ணன் ஃபிளாஸ்க்கோடு நின்று அழுதுகொண்டிருந்தார். "நிக்காம ஓடிட்டா! எங்கயும் நிக்காம ஓடிட்டா!" என்று யார் யாரிடமோ சொன்னார். ரெஜினா டீச்சர் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்துவிட்டுத் தேநீரைக் குடித்தார். எங்கள் ஊர் ஹட்டனுக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. பாடசாலை வாசலில் பதாகையே கட்டியிருந்தார்கள்: "நிற்காமல் ஓடிய எம் ஆசிரியைக்கு வாழ்த்துகள்." நானும் ஓடினேன் என்பது கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

மரண வீட்டில் ஒரு அம்மா, "ஓடி ஓடித்தான் செத்தா, இந்த வயசுல நரம்பு தாங்குமா?" என்று ஆரம்பித்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததற்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னதை நான் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் வாசலிலிருந்து பாக்கியம் அக்கா, "ஓடாதவங்க எல்லாம் சாகாம குந்தியிருக்காங்களாக்கும்" என்றார். அந்த அம்மா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

கோவிலில் பாதரின் பிரசங்கமும் அதைப் பற்றித்தான். "வாழ்க்கை என்ற ஓட்டத்தை நிற்காமல் ஓடி முடித்தவர்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாட்சி அல்லவா? தலையை ஆட்டினேன். அங்கிருந்து மயானத்துக்கு எங்கள் தோட்டத்துப் பாதை வழியாகவே கொண்டு போனார்கள். கொழுந்து எடுத்த பெண்கள் பாதையோரம் வந்து வரிசையாக நின்றார்கள். நொண்டிக்கொண்டு வந்ததால் நான் கடைசியில் இருந்தேன். ஆகவே பெட்டி கடந்தபோது நடந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். பாக்கியம் அக்கா கொண்டையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டு, கத்திப் பழகிய அந்தக் குரலைத் தாழ்த்தி, "கொளவி இல்ல டீச்சர். மெதுவாவே போங்க" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு முடக்குதான். இப்போதும் காலையில் போகிறேன். போன் அடிப்பதில்லை. மழை பெய்தால் நிஜமாகவே படுத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. ஆனாலும் அடுத்த முடக்கு வரைக்கும் மட்டும் என்று எழுந்துவிடுகிறேன். அந்தோனி அண்ணன் வழியில் பார்த்தால், "கால் எப்படி டீச்சர்?" என்று இன்றைக்கும் விசாரிக்கிறார்.

பதாகையில் எழுதியதையும் பாதர் சொன்னதையும் பற்றி ஒரு சின்ன விஷயம். கடலோரப் பாதையில், பாதித் தூரத்துக்கு மேல் வந்த பிறகு, ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ரெஜினா டீச்சர் நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டீச்சர், நிக்கிறீங்க!"

"தெரியும்."

"நிக்கக் கூடாதே!"

"இன்னிக்கு எனக்காக யாரும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் காத்திருக்கல டீச்சர்," என்றார். "வாங்க, உக்காருங்க."

நடைபாதைக் கட்டில் உட்கார்ந்தோம். அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு, இல்ல?" என்றார். ஆளுக்கு ஒரு இளநீர் குடித்தோம். அதைப் பிளந்து தரச் சொல்லி, வழுக்கையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தோம்.