திரையின் நடுவில் என் பேர்

அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊருக்கே இலவசமாகப் படம் காட்ட, எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். எண்பதுகளின் ஆரம்பம். புரொஜெக்டர் சேலத்திலிருந்து பஸ் ஏறி வரும். திரைதான் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் ஓடும். காரை பெயர்ந்த இடத்தில் கதாநாயகி வந்து நின்றால் அம்மை போட்டவள்போல இருப்பாள்.

நானும் மன்றத்தில் உறுப்பினன். கூட்டத்துக்குப் போவேன், டீ குடிப்பேன், குறை சொல்வேன். ஒரு நாள் செயலாளர், "ஏனுங்க, நீங்களும் ஏதாச்சும் பண்ணலாமுங்களே" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "திரை என் பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னவன் நான், செய்தவள் என் மனைவி. எங்கள் தறியின் அகலம் திரைக்குப் போதாது. நாலு பட்டையாக நெய்து, மூட்டுத் தெரியாமல் கையாலேயே தைத்தாள். கூலியாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அன்னிக்கு என்னைய நடுவுல எழுப்பக் கூடாதுங்க. ஒரு படமாச்சும் முழுசாப் பாக்கோணும்." கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் அவள் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. பாதிப் படத்தில் எனக்குப் பசி வந்துவிடும். சோறு போடக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இதோடு விட்டிருந்தால் நான் மனுஷன். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட அதன்மேல் பேர் எழுதித்தான் கொடுப்போம் நாங்கள். எழுத்துக்குப் போக மிஞ்சிய வெளிச்சம்தான் சாமிக்கு. திரையே கொடுக்கிறவன் சும்மா இருப்பேனா? லாரிக்குப் பின்னால் எழுதும் பெயிண்டரைப் பிடித்தேன்.

"கீழ ஓரமா எழுதீறலாமுங்க" என்றார் அவர்.

கீழே எழுதினால் முன்னால் உட்காருகிறவன் தலை மறைக்குமே! நடுவில் எழுதச் சொன்னேன். சிவப்பு எனாமல் பெயிண்டில், நிழல் வைத்து, இரண்டு பக்கமும் தாமரை போட்டு, 'உபயம்' என்று என் பேரும் அப்பன் பேரும்.

"படத்தை மறைக்காதுங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும், போ புள்ள."

அமாவாசை வந்தது. திரையைச் சுருட்டியபடியே கொண்டுபோய், இருட்டிய பிறகுதான் மைதானத்தில் நட்டிருந்த இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டவிட்டேன். ஊர் அசந்துபோக வேண்டுமாம். விளக்கை அணைத்தார்கள், படம் ஓடியது. என் பேர் மட்டும் அப்படியே நின்றது. கதாநாயகி அழுதால் அவள் வாய்மேல் நான். காதலன் ஓடி வந்தால் குறுக்கே நான். சாகக் கிடந்த தாயாரின் நெற்றியில் தாமரை.

"யோவ் உபயம், கொஞ்சம் நவுந்துக்கய்யா!" என்று ஒருத்தன் கத்தினான். மைதானமே சிரித்தது. செயலாளர் ஓடி வந்து, "தண்ணி ஊத்தித் தேச்சாப் போயிருமுங்களா?" என்று கேட்டார். மழையிலும் வெயிலிலும் ஓடுகிற லாரிக்கு அடிக்கிற பெயிண்ட், எங்கே போகும்?

வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த மனைவியையும் காணோம். வீட்டுக்கே போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு படம், அதையும் கெடுத்துவிட்டேனே பாவி! யார் கண்ணிலும் படாமல் இருக்கத் திரைக்குப் பின்னால் போனேன்.

அங்கே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கூட ஏழெட்டுப் பெண்கள். துணி மெல்லிசு, படம் இந்தப் பக்கமும் தெரிந்தது, இடம் வலம் மாறி. கல்யாணப் பந்தியில் கதாநாயகன் இடது கையால் சோற்றைப் பிசைந்து அடித்துக்கொண்டிருந்தான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பேரும் நடுவில்தான் இருந்தது, தலைகால் புரியாத கிறுக்கலாக.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்கயும் மறைக்குதே புள்ள."

"மறைச்சா மறைக்குதுங்க. இங்கிருந்து பாத்தா ஆரு பேருன்னு தெரியலீங்க. அதனால கோவம் வரலீங்க."

கொஞ்ச நேரத்தில் வழக்கம்போலப் பசித்தது. அவள் தோளைத் தட்டக் கை போய்விட்டது. கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, படம் முடிகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.