பானட்டில் மூன்று பொட்டு

தேவசுந்தரம் அண்ணாச்சி உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் எங்கள் டாக்ஸிகள் நிற்கும். நாங்கள் நாலைந்து டிரைவர்கள் பெஞ்சில் சாய்ந்துகொண்டு சவாரிக்குக் காத்திருப்போம். அவர் மட்டும் டம்ளரும் கையுமாக வண்டிகளைச் சுற்றி நடப்பார். யார் வண்டியாக இருந்தாலும் பானட்டில் ஒரு விரலை இழுப்பார், விரலைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். பார்க்கிற நமக்குத்தான் கால் வலிக்கும்.

"உக்காருங்க அண்ணாச்சி, தரை தேயுது" என்று கத்துவேன். எனக்கு முன்கோபம் உண்டு. செல்லப்பா வாயைத் திறந்தால் சண்டைதான் என்று ஸ்டாண்டில் பேச்சு.

அண்ணாச்சியின் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகனையும் வாத்தியாராக்க ஆசைப்பட்டு எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தார். மகனோ ஒரு டாக்டரிடம் டிரைவராகச் சேர்ந்து, அவருடைய கறுப்புக் காரைப் பதினொரு வருஷம் துடைத்தார். கறுப்பு வண்டி எதையும் மறைக்காது, ஒரு தப்புத் துணி பட்டாலும் கோடு விழும். அங்கே பிடித்த பைத்தியம்தான் இது. டாக்டர் ஊரைவிட்டுப் போனதும் ஒரு பழைய வெள்ளை அம்பாசடரை வாங்கி டாக்ஸியாக ஓட்டினார்.

கார் பாலீஷ் எது வந்தாலும் முதலில் அந்த வெள்ளை வண்டியில்தான் ஏறும். இடது பாதியில் புது பாலீஷ், வலது பாதியில் பழையது. கோவில்பட்டி ரோட்டுக் கரிசல் புழுதி, விசைத்தறிப் பஞ்சு, வேப்பமரத்துக் காக்கை போடுகிற எச்சம் எல்லாவற்றையும் அது வாங்க வேண்டும். எங்கள் ஊர் உப்புத்தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு, வெள்ளைத் தடம் விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார். எல்லாம் ஒரு நோட்டில் பென்சிலால் ஏறும். ஒரு நாள் திருட்டுத்தனமாகப் பிரித்துப் படித்தேன். 'மஞ்சள் டப்பா. பதினாலாம் நாள் மழை, தண்ணீர் உருண்டு ஓடுகிறது. இருபத்திரண்டாம் நாள் மழை, பரவி நிற்கிறது. வெள்ளை வண்டிக்குச் சரி. கறுப்புக்கு வேண்டாம்.' அடுத்த பக்கத்தில் இன்னொரு டப்பாவுக்கு ஒரே வரி: 'வாசனை மட்டும் நன்று.'

யாராவது ஒரு பாலீஷைக் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கண்ணாடின்னா என்னவே அர்த்தம்? எந்த வண்டியிலே போட்டீரு? எந்தத் தண்ணியிலே கழுவினீரு? எத்தனை நாள் கழிச்சுப் பாத்தீரு?"

இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாதவன் பாலீஷைப் பற்றி அவர் முன்னால் பேச முடியாது. இந்தக் கெடுபிடியாலேயே ஜனங்கள் அவரை நம்பினார்கள். கடையநல்லூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும்கூட கார்க்காரர்கள் வந்து, தேவசுந்தரம் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். அந்த மனிதருக்கு இருந்த ஒரே சொத்து அந்தச் சொல்தான். வண்டிகூட அதற்கப்புறம்தான்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணியில் முகம்மது ஹுசைன் பாய் ஒரு நீல டப்பாவோடு ஸ்டாண்டுக்கு வந்தார். கடையநல்லூர்க்காரர், எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். துபாயில் இருந்த அவர் மச்சான் ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி நிறைய அந்த டப்பாவைக் கொண்டுவந்திருந்தார்.

"ஆயுத பூசைக்கு எல்லாரும் வண்டியை மினுக்குவாங்க. அதுக்குள்ள பாத்துச் சொல்லிருங்க அண்ணாச்சி" என்றார் பாய்.

"நாப்பது நாள் ஆகும்."

"முப்பது நாள் போதாதா?"

"போதும்னா நீங்களே சொல்லிக்கிடுங்க."

நாற்பது நாளும் பாய் காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்தார். மழை வந்தது, காற்று வந்தது, காக்கை தன் வேலையைத் தவறாமல் செய்தது. எதற்கும் அந்த இடது பாதி மங்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் அண்ணாச்சி, "நல்ல சாமான். வெள்ளை, சந்தனக் கலர் வண்டிக்கு யோசிக்காமப் போடலாம்" என்றார். அந்த வாரமே பதினேழு பேர் வாங்கினார்கள். நானும் என் சந்தனக் கலர் வண்டிக்கு ஒன்று வாங்கினேன். வாங்கியவர் பேரையும் வண்டி நிறத்தையும் அண்ணாச்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பின்னால் போய் விசாரிக்க வேண்டுமாம்.

பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது ராஜபாளையத்திலிருந்து மாரித்தாய் என்று ஒரு பெண் அம்மன் கோயிலுக்கு வந்திருந்தாள். நேர்த்திக்கடன் முடித்துத் திரும்பிப் போக அண்ணாச்சி வண்டியைப் பிடித்தாள். ஏறுவதற்கு முன்னால் கையிலிருந்த பிரசாதக் குங்குமத்தை எடுத்து, வண்டி நல்லா ஓடட்டும் என்று சொல்லி, பானட்டின் இடது பக்கமாக மூன்று பொட்டு வைத்தாள். அண்ணாச்சி வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனாலும், மனசார வைக்கிறாள், நாம் ஏன் தடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். ராஜபாளையம் போய்விட்டு வெயிலோடு திரும்பினார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஈரத்துணி, துணியெல்லாம் ரோஸ் நிறம்.

"வே செல்லப்பா, ஆயுத பூசைக்கு வண்டியிலே என்ன வைப்பீரு?"

"இதென்ன கேள்வி? சந்தனம், குங்குமம்."

"எங்கன வைப்பீரு?"

"பானட்டுலதான். பின்னே, சீட்டுக்கு அடியிலயா?"

என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வண்டியைக் காட்டினார். வெள்ளை பானட்டில் மூன்று ரோஸ் தடம். சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார், போகவில்லை. அந்தத் துபாய் பாலீஷின் மெழுகில் இருந்த ஏதோ ஒன்று குங்குமச் சாயத்தைக் குடித்து, வெயிலில் பெயின்ட் வரைக்கும் இறக்கியிருந்தது. உள்ளூர் பாலீஷில் இந்தத் தொந்தரவு வந்ததே இல்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி வண்டியில் குங்குமம் படாது, பாய் வண்டியிலும் படாது. வேதக்காரரும் பாயும் சேர்ந்து எங்கள் பூஜைக்குப் பாலீஷ் பார்த்திருக்கிறார்கள்!

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் வண்டி ஞாபகம் வந்தது, கோபமும் வந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"கேக்கலையே வே, கேக்கலையே" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. நாற்பது நாளும் அந்த மரத்தடியில்தானே நானும் கிடந்தேன், எனக்கு மட்டும் தோன்றியதா என்ன?

நேரே பாய் கடைக்குப் போனோம். பூஜைக் கூட்டம் நெரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் அண்ணாச்சி, "பாய், நீல டப்பாவைக் குடுக்காதீங்க. நான் சொன்னது தப்பு" என்றார். பாய் முகம் கறுத்துப்போயிற்று. மெதுவாகப் பேசக் கூடாதா என்று பல்லைக் கடித்தார். ஆனால் அடுத்த நிமிஷமே டப்பாக்களை அலமாரியிலிருந்து இறக்கிக் கீழே தள்ளினார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

இரண்டு நாளில் பதினாறு வண்டி பார்த்தோம். போகிற இடமெல்லாம் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், பழந்துணி, சோப்பு. பொட்டு வைக்கிற இடத்தில் ஒரு சாண் அளவுக்கு மெழுகை எடுத்துவிட்டால் போதும் என்று தன் வண்டியிலேயே செய்து பார்த்துத்தான் கிளம்பியிருந்தார். சிலர் திட்டினார்கள். அரிசி ஆலை சுப்புத்தாய் அக்கா மட்டும், "அழியவே அழியாதா? அப்ப எனக்கு இன்னொரு டப்பா வாங்கித் தாரும்" என்றாள். அண்ணாச்சியால் சிரிக்கக்கூட முடியவில்லை. சோறு வைத்தால் நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றுவிட்டுப் புறப்படுவார். அவரோடு சுற்றி எனக்கும் ஓர் இடத்தில் கால் நிற்காமல் போயிற்று.

பதினேழாவது ஆள் வாசுதேவநல்லூர் சங்கரபாண்டியன். நஞ்சை நிலக்காரர். மகள் அன்னக்கிளிக்கு ஐப்பசியில் கல்யாணம், அதற்கென்று சந்தனக் கலரில் புது ஃபியட் வாங்கியிருந்தார். இரண்டு தரம் போனோம், வீடு பூட்டியிருந்தது. மதுரைக்குப் போனவர் பூஜையன்று காலையில்தான் வருவார் என்றார்கள்.

அன்று விடிந்ததும் வெள்ளை வண்டியிலேயே கிளம்பினோம். புளியங்குடியில் வாழைக்கன்று கட்டிய லாரிகளும் எலுமிச்சம்பழம் வாங்குகிற கூட்டமும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அண்ணாச்சி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கர்த்தரே, கர்த்தரே என்று முணுமுணுத்தார். நான் அம்மனைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் மனுப் போட்டும் லாரி நகர நேரமாயிற்று.

வாசுதேவநல்லூரில் அந்த வீட்டு வாசலில் ஃபியட் மாலையோடு நின்றது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சங்கரபாண்டியன் பானட்டில் சந்தனத்தை இட்டுவிட்டு, மூன்று விரலில் குங்குமத்தைத் தொட்டுக் கையைத் தூக்கிவிட்டார். அண்ணாச்சி என்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி ஓடி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

"வேதக்காரருக்கு எங்க பூசையிலே என்னவே வேலை?" என்றார் சங்கரபாண்டியன். "நல்ல நாளும் அதுவுமா கையைப் பிடிக்கீரு?"

"அண்ணாச்சி, என் வண்டியை ஒருக்கப் பாருங்க. பாத்துட்டு அடிக்கணும்னாலும் அடிங்க" என்றார் எங்கள் அண்ணாச்சி.

சங்கரபாண்டியன் வந்து பார்த்தார். மூன்று தடத்தையும் நகத்தால் சுரண்டினார்.

"நல்லதுன்னு நீருதானே சொன்னீரு?"

"நாந்தான் சொன்னேன். இதை நான் பாக்கல."

"இனிமே உம்ம பேச்சை எவன் கேப்பான்?"

"கேக்காண்டாம். இன்னைக்கு ஒருநாள் மட்டும் கேளுங்க" என்றார் அண்ணாச்சி.

சங்கரபாண்டியன் விலகி நின்றார். அண்ணாச்சி முட்டி போட்டுச் சந்தனத்தை வழித்து, மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஒரு சாண் இடத்தில் மெழுகை எடுத்தார், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். அதற்கப்புறம்தான் பொட்டு வைத்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள், ஆனால் எங்களிடம் யாரும் பேசவில்லை.

சங்கரபாண்டியன் சொன்னபடியே நடந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசமும் ஒருவர்கூடப் பாலீஷ் கேட்டு ஸ்டாண்டுக்கு வரவில்லை. அன்னக்கிளி கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகையும் இல்லை. அண்ணாச்சி வழக்கம்போலச் சுற்றிச் சுற்றி நடந்தார், ஆனால் எந்த வண்டியிலும் விரலை வைக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உட்காரச் சொல்லிக் கத்தவும் மனசு வரவில்லை.

தை மாசம் சங்கரபாண்டியன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் மதுரையில் வாங்கிய பச்சை டப்பா.

"அன்னைக்கு நீரு துடைச்ச இடம் சுத்தமா இருக்கு வே. தள்ளிப்போய் ஒரு துளி குங்குமம் சிந்தியிருக்கு. அது மட்டும் இன்னும் போகல. தினமும் அதைப் பாக்கேன்" என்றார். பிறகு டப்பாவை நீட்டினார். "இதைப் போடலாமா?"

"தெரியாது. பாத்துச் சொல்லுதேன்."

அவர் போனதும் அண்ணாச்சி பாலீஷைத் தன் வண்டியில் தேய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பூசைக்கு எப்படி வைப்பீரோ அப்படியே வையும்." நான் சந்தனத்தைக் குழைத்து, குங்குமம் வைத்தேன். மறுநாளும் வைக்கச் சொன்னார். இருபத்தொரு நாளைக்குத் தினமும், கழுவாமல்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் மனைவி ஜெயபாய் அக்கா ஆலயத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி நடந்துவிட்டார்களாம். சபையார் எல்லாரும் பார்க்க, பொட்டும் சந்தனமுமாக வண்டி ஆலய வாசலில் போய் நின்றிருக்கிறது. இதென்ன கோலம் தேவசுந்தரம், துடைக்கக் கூடாதா என்று குருவானவர் கேட்டாராம்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்குங்க ஐயா" என்றிருக்கிறார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் அண்ணாச்சி வாளியோடு வந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை. டிரைவர்கள் எல்லாரும் வெள்ளை வண்டியைச் சுற்றி நின்றோம். பாய் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தார். வாசுதேவநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த சங்கரபாண்டியன் எனக்கு முன்னால் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது, நான் டம்ளரோடு வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டேன்.

அண்ணாச்சி தண்ணீரை ஊற்றித் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். பானட்டில் விரலை இழுத்து, விரலைப் பார்த்தார்.

"என்ன வே, சொல்லித் தொலையும்" என்றார் சங்கரபாண்டியன்.