தவமணி அக்காவின் ஓம்

கனடா எல்லைப் பாலத்தில் எனக்கு முன்னால் பதினொரு கார்கள் நின்றன. அமெரிக்காவில், பஃபலோவில் இருக்கும் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தனியாக ரொறன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கனடியப் பக்கத்துச் சாவடிகள் கண்ணுக்குத் தெரிந்தன. அப்போதுதான் காருக்குள் தொலைபேசி ஒலித்தது. தவமணி அக்காவின் மகள் வானதி பேசினாள்.

"அன்ரி, அம்மா போயிற்றா," என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, நோவில்லாமல் போனார், நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமையாக இருந்தவர்தான். எதிர்பார்க்காத செய்தி என்று சொல்லமுடியாது. ஆனாலும் முன்னால் கார் நகர்ந்ததைக் கவனிக்காமல் அழுதுகொண்டிருந்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். பாலத்தில், வரிசையில் நிற்கிறேன் என்றேன்.

"அப்ப அம்மான்ரை பாலத்திலைதான் நிக்கிறீங்கள்," என்றாள்.

அது ஏன் அவரது பாலம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்தவர்களில் பாதிப்பேராவது அவருடைய பச்சை வான் வண்டியில் ஏறியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் இருந்தவர். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் குசினியில் வேலை செய்தவர். நானும் அங்கேதான். பத்தொன்பது வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் நின்று தட்டுகளில் கோழியும் சோறும் வைத்தோம். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகி, இரண்டு தரம் சோதனையில் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம் லைசென்ஸ் எடுத்தார். எடுத்த கையோடு பழைய வான் ஒன்றை வாங்கினார். அதன்பிறகு எங்கள் குசினிப் பெண்களுக்கு அமெரிக்காவில் கலியாணமோ செத்தவீடோ கோயில் திருவிழாவோ வந்தால் அந்த வான்தான். புருஷன்மாரை வீட்டில் விட்டுவிட்டு ஆறு பெண்கள் எல்லை தாண்டிப் போவது அந்த நாளில் எங்கள் ஆட்களுக்குப் பெரிய புதினம். கதைத்தார்கள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்துக்குச் சற்று முன்னால், அமெரிக்கப் பக்கத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றில் வானை நிற்பாட்டுவார். எல்லாரும் இறங்கி முகம் கழுவவேண்டும். சீப்பெடுத்துத் தலை இழுக்கவேண்டும். பொட்டு அழிந்திருந்தால் புதிதாக வைக்கவேண்டும். சில பேர் எல்லை வந்தால் பொட்டை அழிப்பார்கள். இவர் வைக்கச் சொல்லுவார். எட்டு மணித்தியாலம் குந்தியிருந்த களைப்பில் எனக்கு எரிச்சல் வரும். நாங்கள் என்ன பொம்பிளை பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் போய் நிற்கப்போகிறோமா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வீட்டை போகேக்கை அழகாப் போகவேணும்," என்றார். "களைச்சுப்போய் வந்தால் ஆரோ துரத்தி வந்தமாதிரி இருக்கும்."

போய் முகத்தைக் கழுவினேன்.

சாவடியில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நாலு யன்னல் கண்ணாடியையும் இறக்குவார். பாட்டை நிற்பாட்டுவார். கடவுச்சீட்டுகளை ஒன்றாக அடுக்கி, படமிருக்கும் பக்கத்தில் விரலை வைத்துக் கொடுப்பார். கேட்டதற்கு மட்டும் பதில், ஆனால் கேட்டதற்கு உண்மை. எங்களில் ஒருவருக்கும் பொய் சொல்ல அனுமதியில்லை. ஒருமுறை அதிகாரி ஒருவர் ஆறு சீட்டையும் புரட்டிப்பார்த்துவிட்டு, ஆறு பேருக்கும் ஆறு குடும்பப்பெயர் இருக்கிறதே, நீங்கள் எப்படி ஒருவருக்கொருவர் உறவு என்று கேட்டார். எங்கள் குடும்பப்பெயர் எல்லாம் அப்பாவின் அல்லது புருஷனின் பெயர் என்பதை அந்த மனிதருக்கு எங்கிருந்து விளங்கவைப்பது? நான் விளக்க வாயைத் திறந்தேன். அக்கா முந்திவிட்டார். நீங்கள் பிளேனில் போகும்போது சாப்பிடுகிறீர்களே, அந்தச் சாப்பாட்டைக் கட்டுகிறவர்கள் நாங்கள் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். கோழி பரவாயில்லை, சோறு கொஞ்சம் காய்ந்துபோகிறது என்றார். சோறு எங்கள் பக்கம் இல்லை, மற்ற மேசை என்று அக்கா சொன்னார். அது பொய்யில்லையா என்று பிறகு கேட்டேன். அந்தக் கிழமை நாங்கள் கோழிப் பக்கம்தானே என்றார்.

புழுக்கொடியல் கதை பல பேருக்குத் தெரியும். ஆனால் அதை எங்களோடு வானில் வருகிற புனிதம் அன்ரி தன் விருப்பத்துக்கு மாற்றிச் சொல்லுகிறார் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன். நியூஜெர்சியில் அன்ரியின் மச்சாள் ஒரு பை நிறையப் புழுக்கொடியல் கொடுத்துவிட்டிருந்தார். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. பார்க்கச் சுள்ளித்தடி மாதிரி இருக்கும். புனிதம் அன்ரி அதைச் சால்வைக்குள் சுற்றி ஒளித்துவைத்திருந்தார். பெற்றோல் நிலையத்தில் முகம் கழுவும்போது அக்காவுக்கு அது தெரியவந்தது. ஒளிக்கிற சாமான் என்ரை வானில் வராது, ஒன்று மடியில் வையுங்கள் இல்லையென்றால் குப்பையில் போடுங்கள் என்றார். அன்ரி அழாக்குறையாக மடியில் வைத்தார். சாவடியில் அதிகாரி அதைத் தூக்கிப்பார்த்து, இது மரமா சாப்பாடா என்று கேட்டார். அக்கா ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து முறித்து, மென்று, விழுங்கிக் காட்டினார். அந்தச் சத்தம் கடைசி இருக்கையில் இருந்த எனக்கே கேட்டது. அதிகாரி பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்ரி சொல்லுகிறமாதிரி அதிகாரி ஒன்றை வாங்கிச் சாப்பிடவில்லை. அது சோடனை.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன்.

நான் ஊரில் கொன்வென்றில் படித்தவள். என் ஆங்கிலத்தைப்பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் கெப்பரும் உண்டு. என்னோடு வேலைசெய்தவர்களுக்கு இது புதினமில்லை. அக்கா வகுப்புக்குப் போய்ப் பேச்சாங்கிலம் பழகியவர். நன்றாகவே பேசுவார். ஆனால் ஒரேயொரு சொல் என் காதைக் குடைந்துகொண்டிருந்தது. சாவடியில் கடைசியாக எங்கே போகிறீர்கள் என்று அதிகாரி கேட்பார். அக்கா நிமிர்ந்திருந்து, "ஓம்" என்பார். ஹோம் என்பதைத்தான் அப்படிச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். ஹகரம் வராத எங்கள் வாய் என்று வெட்கப்பட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது நான் யன்னல்பக்கம் திரும்பிக்கொள்வேன். இத்தனை வருடம் வெட்கப்பட்டேன் என்று எழுதவே இப்போது கூசுகிறது.

ஒருமுறை அதிகாரிக்கு அது விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். அக்கா திரும்பவும் ஓம் என்றார். பின்னாலிருந்து நான் எட்டி, இவர் ஹோம் என்று சொல்கிறார் சேர், இவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்று என் கொன்வென்ற் ஆங்கிலத்தில் சொன்னேன். வானுக்குள் இன்னும் நாலு பெண்கள் இருந்தார்கள். அதிகாரி தலையாட்டி எங்களைப் போகவிட்டார்.

சென் கதரின்ஸ் ஊர் வரைக்கும் அக்கா நிற்பாட்டிய பாட்டைத் திரும்பப் போடவில்லை. அங்கே கோப்பி குடிக்க நிற்பாட்டினோம். மற்றவர்கள் உள்ளே வரிசையில் நிற்க, என்னை ஒரு மேசைக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு ஹோம் எண்டு சொல்லத் தெரியாதெண்டு நினைச்சனீரோ?" என்று கேட்டார். ஹகரம் அட்சரசுத்தமாக வந்தது. "நான் சொன்னது எங்கடை ஓம், ஆமெண்டுற ஓம்."

பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார். வானதிக்கு நாலு வயதாக இருந்தபோது, ஒரு பனிக்காலக் காலையில், பஃபலோவிலிருந்து ராக்சி ஒன்று தாயையும் பிள்ளையையும் இதே பாலத்தின் கனடியப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அகதிக் கோரிக்கை வைக்க வந்தவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. வழியில் ஆரோ ஒரு புத்திசாலி சொல்லிக்கொடுத்திருந்தாராம், என்ன கேட்டாலும் ஓம் என்று சொல்லுங்கள், இல்லை என்றால் அவர்களுக்குக் கோபம் வந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. அக்கா அப்படியே செய்தார். நன்றாகத் தலையையும் ஆட்டிக்கொண்டு ஓம் என்றார். ஆயுதம் வைத்திருக்கிறீர்களா? ஓம். சிறையில் இருந்திருக்கிறீர்களா? ஓம். இந்தப் பிள்ளை வேறு ஆரோ ஒருவருடையதா? ஓம். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் ஓம் என்றார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கிறார்களென்று பிள்ளையும் சிரித்தது. அக்கா மட்டும், இவர்கள் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று முடிவுகட்டி, பிள்ளையின் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

கடைசியில் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அந்தப் பெடியன் சிரிப்பை அடக்கமாட்டாமல் பேசியதை அக்கா அப்படியே நடித்துக்காட்டினார்.

"அக்கா, இனித் தெரியாததுக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் இவ்வளவுக்கை துவக்கும் வைச்சிருக்கிறீங்கள், இந்த ஒபிசரையும் பெத்திருக்கிறீங்கள்."

பின்னேரம் வரைக்கும் விசாரித்து, கடதாசிகளில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வெளிக்கிடும்போது அதே அதிகாரி குனிந்து வானதியின் குளிர்ச் சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார். தொலைபேசியை வைத்தாகிவிட்டது. அக்காவுக்குப் பழைய பயத்தில் ஓம் என்றுதான் வாயில் வந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொன்னார். ஹோம் என்றார்.

"எங்கடை சொல்லை வெள்ளைக்காரன் சொல்லுறான் எண்டு நினைச்சன்," என்றார் அக்கா. "இனி எங்களைத் திருப்பி அனுப்பமாட்டான் எண்டு அப்பதான் எனக்கு மூச்சு வந்தது. ரெண்டு மாதம் கழிச்சு வகுப்பிலை ரீச்சர் போர்டிலை எழுதேக்கைதான் அது வேறை சொல்லெண்டு தெரிஞ்சுது. வீட்டை போறீங்களோ எண்டு கேட்டிருக்கிறான். அண்டைக்கு நான் சொன்ன ஓமெல்லாத்திலையும் அது ஒண்டுதான் சரி."

அதிலிருந்து அந்தக் கேள்விக்கு அதே பதிலைத்தான் சொல்லிவருகிறார். அவர்களுக்கு ஹோம் என்று கேட்கட்டும், எனக்கு நான் என்ன சொல்லுகிறேன் என்று தெரியும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். எழுந்துபோய் அவருக்குக் கோப்பி வாங்கிவந்தேன். அந்தப் பதற்றத்தில் சீனி சொல்ல மறந்துவிட்டேன். மூன்று கரண்டி சீனி குடிக்கிற மனுசி முகம் சுளிக்காமல் அதைக் குடித்துமுடித்தார்.

அந்த அதிகாரி அன்றைக்கு வேறுமாதிரி நடந்திருக்கலாம். வேறுமாதிரி நடந்த அதிகாரிகளும் உண்டு. கேள்வியே கேட்காமல் உள்ளே அனுப்பிப் பைகளைக் கொட்டிப் பார்த்தவர்களை அக்காவோடு நானும் சந்தித்திருக்கிறேன். அப்போதெல்லாம் நான் கொதிப்பேன். அக்கா கொட்டிய உடுப்புகளை மேசையிலேயே ஒவ்வொன்றாக மடித்து, அடுக்கி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆறுதலாகப் பைக்குள் வைப்பார். அவசரப்பட்டு அள்ளித் திணித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. பயந்து வந்த ஒரு பாலத்தை இருபது வருடம் தன் கையால் வான் ஓட்டிக் கடந்தவர் அவர். இதைவிடப் பெரிய பட்டம் வாங்கிய ஒருவரை நான் அறியேன்.

கண்பார்வை குறைந்தபிறகு அவர் ஓட்டுவதை விட்டுவிட்டார். போன வருடம் நான் என் காரில் அவரை பஃபலோவுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது அதிகாரி என்னைத்தான் கேட்டார். நான் ஹோம் என்றேன். கார் நகர்ந்ததும் அக்கா சிரிக்கத் தொடங்கினார்.

"உம்மடை ஹோம் நல்ல வடிவான ஹோம்," என்றார். "என்ரை ஓமை நீர் எடுக்கேல்லை. பயமோ?"

அது உங்களுடைய சொல் அக்கா, எனக்கு எடுக்க உரிமையில்லை என்றேன். விசர்க்கதை என்று கையை வீசித் தள்ளினார். அதுதான் நாங்கள் சேர்ந்து கடந்த கடைசித் தடவை.

பாலத்தில் எனக்கு முன்னால் இப்போது இரண்டு கார்கள்தான் நின்றன. தலைக்கு மேலிருந்த முகக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தேன். மூக்குச் சிவந்து, கண்மை கன்னத்தில் வழிந்து, ஆரோ துரத்தி வந்தமாதிரி இருந்தேன். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து துவாயை நனைத்து முகத்தைத் துடைத்தேன். தலையை இழுத்தேன். கைப்பையில் பொட்டு இருந்தது. வைத்தேன். நாலு யன்னல் கண்ணாடியையும் இறக்கினேன்.

சாவடியில் இருந்தவர் இளம் அதிகாரி. எத்தனை நாள் போயிருந்தீர்கள், என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். கேட்டதற்கு மட்டும் சொன்னேன். கடவுச்சீட்டைத் திருப்பி நீட்டும்போது, எங்கே போகிறீர்கள் என்றார்.

தவமணி அக்கா எனக்கென்று வைத்துவிட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். நிமிர்ந்திருந்து சொன்னேன். அதிகாரி சிரித்துத் தலையாட்டினார். அவர் காதில் என்ன விழுந்ததோ தெரியாது. நான் சொன்னது ஓம்.