கட்டுண்ட கதாநாயகர்களும் என் வலது கையும்

1970 மார்ச் 7, சனிக்கிழமை, மாசி அமாவாசை. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. ஓட்டுக் கூரையின் கீழ் ஒரே புழுக்கம். அந்த நேரத்தில், பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீட்டின் தறித்தூணோடு சேர்த்து என்னைக் கயிற்றால் கட்டினார்கள். கட்டச் சொன்னவன் நான்தான்.

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மாலை நேரங்களில் ஒரு வாரப் பத்திரிகைக்குத் துப்பறியும் தொடர்கதை எழுதிவந்தேன். அத்தியாயத்துக்குப் பதினைந்து ரூபாய். மூடிக் கிடந்த அரிசி மில் ஒன்றில் கதாநாயகனை நாற்காலியோடு கட்டிவைத்து முந்தைய அத்தியாயத்தை முடித்திருந்தேன். திங்கட்கிழமைத் தபாலில் அவனை விடுவித்து அனுப்ப வேண்டும். பத்திரிகை ஆசிரியர் ஒரு கார்டு போட்டிருந்தார்: இந்த முறையாவது கண்ணாடிச் சில்லு வேண்டாம், வாசகர்கள் சிரிக்கிறார்கள்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வாடகை நூலகங்களில் நான் படித்த கதைகளில், கட்டிப்போடும் இடம் வந்தால் எண்ணிக்கொள்வேன். அந்த வருடம் வரையில் எழுபத்தாறு. அதில் இருபத்தொன்பது பேர் கண்ணாடிச் சில்லால் தப்பினார்கள். பதினான்கு பேர் கட்டும்போதே மணிக்கட்டை விறைத்துக்கொண்டு, பிறகு தளர்த்தி உருவிக்கொண்டார்கள். நான்கு பேருக்கு எலி உதவியது. எழுபத்தாறு பேரில் ஒருவருக்குக்கூட மூக்கு அரிக்கவில்லை, ஒருவருக்குக்கூடச் சிறுநீர் முட்டவில்லை.

ஒரே ஒரு கதைதான் என்னைப் பயமுறுத்தியிருக்கிறது. கொள்ளையர்கள் ஒரு வியாபாரியின் கண்ணை மூடி, கையில் எதையோ சுற்றி, 'பாம்பு, அசைந்தால் கொத்தும்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விடிந்த பிறகு வந்தவர்கள் பார்க்கிறார்கள்: சுற்றியிருந்தது மல்லிகைச் சரம். வியாபாரி அப்போதும் அசையவில்லை. பதினைந்து வயதில் அதைப் படித்துவிட்டு, கைகளைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு படுத்தேன்.

நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் நெசவாளர். முன்பகுதியில் நாங்கள், பின்பகுதியில் அவரும் அவர் தறியும். என் தொடரை விடாமல் படிப்பவர், அதாவது முடிவெட்டும் கடையில் யாரோ வாசிக்கக் கேட்டு வருபவர். அன்று காலையில் கேட்டார்:

"சார், மில்லுல கட்டிப் போட்டீங்களே, எப்டி சார் வெளில வர்றான்?"

"அதான் தெரியல."

"இன்னா சார் இது! நீங்களே கட்டிப்புட்டு நீங்களே தெரியலன்றீங்க?"

அந்தப் பேச்சில்தான் எனக்கு யோசனை வந்தது. அமாவாசையன்று எந்தத் தறியும் ஓடாது. மாசி அமாவாசையென்றால் மயானக் கொள்ளை வேறு. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். அவர் மனைவி, தெருப் பெண்கள் எல்லோரும் பின்னாலேயே போய்விடுவார்கள். என் மனைவி தாய்வீட்டில் இருந்தாள். தறிக்கூடம் காலி. ஒரு கால் மணி நேரம் கட்டுண்டு இருந்து, உண்மையாகவே என்ன ஆகிறதென்று பார்த்தால் எழுதிவிடலாம்.

தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டும் பருத்திக் கயிற்றை அவர் எடுத்துவந்தார். தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். கைகளைத் தூணுக்குப் பின்னால் கொடுத்தேன்.

"நோவுதா சார்?"

"இன்னும் இழுங்க. வில்லன் இப்படியா கட்டுவான்?"

"வில்லன் பாவம், அவனுக்குப் பாவு கட்டத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே, முழங்கைக்கு மேலே இரண்டு சுற்று, மணிக்கட்டில் மூன்று சுற்று இழுத்துக் கட்டினார். தறிக்காரர்கள் பாவுக்குப் போடும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். தொங்கும் நுனியை வெளியிலிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மொத்தமாக விட்டுவிடும். நுனி தூணுக்குப் பின்பக்கம் தொங்கியது. டீ குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கைக்கடிகாரம் தூணுக்குப் பின்னால் கட்டுண்ட கையில் இருந்தது. அதனால் வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன், நொடிக்கு ஒன்று.

மணிக்கட்டை விறைத்துத் தளர்த்திப் பார்த்தேன். நூலிழை இடமும் கிடைக்கவில்லை; முடிச்சுதான் ஒரு பிடி இறுகியது. தூணின் விளிம்பில் கயிற்றைத் தேய்த்தேன். வருடக்கணக்காகக் கைகள் பட்டு வழவழவென்றிருந்த தூண். அங்கும் கயிறு இறுகியது. தொள்ளாயிரம் எண்ணி முடித்தபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர் வரவில்லை.

எங்கள் தெருவில் தறிச் சத்தம் இல்லாத பகல் மாதத்துக்கு ஒன்றுதான். அன்றைக்கு ஆள் சத்தமும் இல்லை. மிகத் தூரத்தில் பம்பை, உடுக்கை. அதுவும் காற்றில்லாததால் வருவதும் நிற்பதுமாக இருந்தது. முன்னால் பாதி நெய்த சேலை, அதன் மேல் மூடிய வெள்ளைத் துணி. கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு சதுர வெளிச்சம் அந்தத் துணிமேல் விழுந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது தறியை விட்டு இறங்கித் தரையில் என் கால்பக்கம் நகர்ந்தது.

இரண்டாயிரத்தைத் தாண்டியபோது என் வலது கை எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றது. நின்றதுதான் எனக்குக் கலக்கத்தைக் கொடுத்தது. விரல்களை மடங்கச் சொன்னேன். மடங்கினவா இல்லையா என்று தெரியவில்லை. இடது கையால் துழாவினேன். குளிர்ந்துபோன ஒரு கை அங்கே இருந்தது. தடித்த விரல்கள், ஈரமான உள்ளங்கை. என் பின்னால் யாரோ உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. அது என் கைதான் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் அதைத் தொட்ட விரல்களை இழுத்துக்கொண்டேன். ரத்தம் போகாமல் எத்தனை நிமிடம் இருந்தால் ஒரு கை செத்துப்போகும்? எந்தக் கதையிலும் அந்த எண் இல்லை. கரும்பலகையில் எழுதுவதும் கதை எழுதுவதும் அந்தக் கையால்தான்.

அப்போதுதான் தறி ஓடும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், ஒரே ஒரு தறி. மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். அவசரமே இல்லாத கை. ஆள் இருக்கிறார் என்று உயிர் வந்தது. கத்தினேன். தறி நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தேன், கையைப் பற்றி நினைக்காமல் இருக்க.

மூவாயிரத்துச் சொச்சத்தில் வாசலில் நிழல் விழுந்தது. பக்கத்து வீட்டில் பட்டுநூல் சுற்றும் பெண், கூட அவள் கணவரின் அண்ணன். சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார்கள்; இருவர் நெற்றியிலும் சாம்பல்.

"ஐயோ, வாத்தியாரு! மாமா, இங்க வந்து பாருங்க!"

"அம்மா, பின்னால கயித்து நுனி தொங்குது. ஒரு இழு இழுங்க, போதும். கை மரத்துப்போச்சு."

அவள் ஒரு அடி வைத்தாள். அண்ணன்காரர் தடுத்தார்.

"கிட்ட போவாதமா. கட்னவன் சும்மாவா கட்டியிருப்பான்?"

"நான்தாங்க கட்டச் சொன்னேன்."

"கேட்டியா? தானே கட்டச் சொல்லிச்சாம்."

"கதைக்காகங்க. கதைக்கு."

"இன்னா கதை? யார் கதை?" என்று கேட்டவர், குரலை மாற்றிக்கொண்டு, "உன் பேர் சொல்லு" என்றார்.

என் பேரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் பேரையும், எந்தெந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

"வாத்தியார் பேரையே சொல்லுது பாருமா!"

"அது சரி மாமா, இம்மாநேரம் எண்ணிக்கினு இருந்துச்சே, அது எதுக்கு? தெரு முனைல வரசொல்லவே கேட்டேன். மூவாயிரம், மூவாயிரத்து ஒண்ணுன்னு."

"மணி பார்க்க முடியலம்மா, அதுக்குத்தான்."

அவள் முகத்தில் கொஞ்சம் இரக்கம் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கோ அவசரம்.

"உங்களுக்குப் பயமா இருந்தா, பின்னால தறி ஓட்டுறவரையாவது கூப்பிடுங்க."



"எந்தத் தறி?" என்றார் அவர்.

"இதோ, கேக்கலையா? மூணு அடி, ஒரு நிறுத்தம்."

"இன்னிக்கு அமாவாசை. எவன் நெய்வான்?" அவர் குரல் இறங்கியிருந்தது. "அந்தாண்ட வீடே இல்ல. சாயம் போட்ட நூல் காயவெக்கிற தரை அது."

அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். "பூசாரிய இட்டுக்கினு வாங்க மாமா. வாத்தியாரு ரொம்ப நல்லவரு. போன வாரம்கூட என் பொண்ணுக்குப் பின்னம் சொல்லிக் குடுத்தாரு."

போகும்போது கதவை இழுத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அந்தச் சத்தத்தோடு பம்பைச் சத்தமும் அடைபட்டது. தறிச் சத்தம் மட்டும் இருந்தது.

நான் படித்த எழுபத்தாறு கதைகளிலும் கட்டுண்டவனை ஒருவர் கண்டால் உடனே அவிழ்த்துவிடுவார். இவர்களிடம் கோபித்துக்கொள்ள முயன்றேன், முடியவில்லை. சாமியாடி அடங்காதவர்களைக் கட்டிவைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். 'எனக்கொன்றும் இல்லை, அவிழ்த்துவிடுங்கள்' என்றுதான் அவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒரு தடவைகூட ஒருவரையும் அவிழ்த்ததில்லை. என்னைப் போலவே அவர்களும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்களோ? அல்லது, அவர்களைப் போலவே நானும் எனக்குத் தெரியாமல் வேறு ஏதோவாக ஆகிவிட்டேனோ? என் பேரை ஒரு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். இன்னொருவர் பேரைச் சொல்வது போல இருந்தது. பின்னால் அந்தக் குளிர்ந்த கை இருந்தது. அதைத் தொடவில்லை. எண்ணவும் இல்லை.

தாழ்ப்பாள் திறந்தபோது வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பின்னால் பூசாரி, வேப்பிலைக் கொத்தோடு அந்த அண்ணன்காரர், எட்டி நின்று அந்தப் பெண்.

"இன்னா சார், இன்னுமா அவுத்துக்கல?" என்று வீட்டுக்காரர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். டீக்கடையில் அவரைப் பார்த்த பட்டு முதலாளியின் ஆள், கூலி வாங்கப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போய்விட்டான், அங்கே உட்காரவைத்துவிட்டார்கள். "நானும் கவலப்படல சார். உங்க கதைல எல்லாம் அஞ்சு நிமிசத்துல அவுத்துக்கினு வந்துடுவாங்களே, நீங்க இந்நேரம் எழுதவே ஒக்காந்திருப்பீங்கன்னுதான்..."

சொல்லிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போய் நுனியைச் சுண்டினார். முழுக் கயிறும் பொத்தென்று விழுந்தது. மணி நான்கு முப்பத்தைந்து. வலது கை என் மடியில் வந்து விழுந்தது, கத்தரிக்காய் நிறத்தில். அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் தேய்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண்ணும் ஓடிவந்து வெந்நீர் வைத்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. பூசாரி மட்டும், திருவிழாவின் நடுவில் எழுந்து வந்ததால், எலுமிச்சம்பழம் சுற்றிக் கற்பூரம் காட்டாமல் போகமாட்டேன் என்றார். காட்டினார்.

தறிச் சத்தத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டேன். காதில் கேட்டது என் ரத்த ஓட்டம் என்றார். என் நாடி நிமிடத்துக்கு எழுபத்திரண்டு; அதில் மூன்றுக்கு ஒரு நிறுத்தம் கிடையாது. அவரோடு நான் வாதாடவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் போய்ப் பார்த்தேன். மூங்கில் கம்புகளும் அவற்றில் தொங்கும் அரக்கு நிற நூல் கத்தைகளும்தான். அடுத்த அமாவாசைக்கு முன்பே செவிலிமேட்டில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டோம்.

கட்டை விரலும் அடுத்த இரண்டும் ஆறு வாரத்தில் உணர்வுக்குத் திரும்பின. மோதிர விரலும் சுண்டு விரலும் திரும்பவில்லை. சட்டைப் பொத்தான் போடும்போது அவை இருப்பதே தெரியாது. திங்கட்கிழமைத் தபால் போகவில்லை. பத்திரிகையில் வேறொருவரை வைத்து முடித்தார்கள். அவர் கதாநாயகனைக் கண்ணாடிச் சில்லால் விடுவித்தார்; வாசகர்கள் யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. நான் அதன் பிறகு கதை எழுதவில்லை.

மருத்துவருக்கு மூன்று தடவை ஐந்தைந்து ரூபாய். ஊசி, மாத்திரை பதினொன்று நாற்பது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் மனைவியும் போய்வந்த பஸ் செலவு பன்னிரண்டு எண்பது. கைக்குத் தேய்க்க எண்ணெய் ஒன்பது ரூபாய். எழுதாமல் விட்ட ஆறு அத்தியாயங்களுக்குத் தொண்ணூறு. பூசாரிக்கு, பழம் கற்பூரம் சேர்த்து, ஐந்தேகால். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் நாற்பத்தைந்து பைசா.