பொன்முத்திரையும் நஸீரின் கையும்

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்காகக் காத்திருக்கிறேன். பனிப்புகாரில் கடலும் வானும் ஒன்றாய்க் கிடக்கின்றன. அருகே ஏழு மீனவர்கள் சங்கத் தலைவரைத் தெரிவு செய்கிறார்கள். போட்டி நஸீருக்கும் றஹீமுக்கும்; கைகள் மூன்றுக்கு மூன்று. எதிர்த்து நிற்கும் றஹீமே நஸீருக்குக் கை தூக்கிவிட்டார். மிச்சம் நஸீரின் கைதான்.

“எனக்கு நானே தூக்க ஏலுமா, சேர்?” என்று நஸீர் என்னைக் கேட்கிறார்.

“ஓம். ஜேர்மன் பேரரசரைத் தெரிவு செய்த ஏழு பேரும் தங்களுக்கே வாக்குப் போட அந்தக் காலப் பொன்முத்திரைச் சாசனமே இடங்குடுத்தது.”

வகுப்பில் அதைப் படிப்பித்தவன் நான். ஆசிரியர் சங்கத் தேர்தலில் எதிர்த்து நின்ற நண்பன் சிவம் எனக்குக் கை தூக்கினான். நானும் எனக்கே தூக்கி வென்றேன். அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை. இன்று அவனிடம்தான் போகிறேன்.

நஸீர் கையைத் தூக்குகிறார். “றஹீம் காக்காவுக்கு!” என்கிறார், மூத்தவரை அண்ணன் முறை சொல்லி.

“விசரா!” என்று றஹீம் சிரிக்கிறார்.

படகு வருகிறது. நஸீர் என் வலக்கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறார். அன்று எனக்கே தூக்கிய இந்தக் கையைச் சிவம் தொடுவானோ தெரியவில்லை.